பாட்ரன்ஸ் : ஸ்காட்லாந்துப் பழம்பாடல்களில் ஒரு பூனைப் பெயர்

வீட்டு விலங்குகட்கு மக்கள் இட்டு வழங்கும் செல்லப்பெயர்கள் இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய பொருளாகப் பெரும்பாலும் கருதப்படுவதில்லை. அரசர் பெயரையும் ஊர்ப் பெயரையும் ஆற்றுப் பெயரையும் ஆராய்வார் பலர். அடுப்பங்கரையில் சுருண்டு கிடக்கும் பூனையின் பெயரை ஆராய்வார் மிகச் சிலரே. ஆயினும், ஒரு மொழி அரசவையிலிருந்து அடுப்பங்கரைக்கு இறங்கிய வரலாற்றை அறிய விரும்புவார்க்கு அப் பெயர் சிறந்ததொரு சான்றாகும் என்பது எம் கருத்து. ஸ்காட்லாந்தின் தாழ்நிலத்தில் வழங்கும் ஸ்காட்ஸ் மொழியில் பூனைக்குரிய பழம்பெயர் 'பாட்ரன்ஸ்' என்பது. அதனையும், அதனோடு ஒத்த நிலையில் வைத்து எண்ணத்தக்க நாய்ப் பெயர் ஒன்றனையும் பசுப் பெயர் இரண்டனையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மொழியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். ஸ்காட்ஸ் என்பது மேட்டுநிலத்தில் வழங்கும் கெய்லிக் மொழி அன்று. பழைய ஆங்கிலத்தின் வடக்குக் கிளையிலிருந்து தோன்றி, ஆங்கிலத்திற்கு உடன்பிறப்பாக வளர்ந்தது அது. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்தின் அரசவையும் பாராளுமன்றமும் நீதிமன்றமும் அம் மொழியிலேயே இயங்கின. 1603-ஆம் ஆண்டில் ஆறாம் ஜேம்ஸ் மன்னன் இங்கிலாந்தின் அரியணையையும் பெற்று இலண்டனுக்குக் குடிபெயர்ந்தான். 1707-இல் இரு நாட்டுப் பாராளுமன்றங்களும் ஒன்றாயின. மறைநூலோ அதற்கு முன்னரே ஆங்கிலத்தில் வந்து சேர்ந்திருந்தது. எழுத்தும் சட்டமும் சமயமும் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தின் வயமாக, ஸ்காட்ஸ் பேச்சிலும் பாட்டிலும் நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் எடின்பரோ அறிஞர்கள் தம் ஆங்கில உரைநடையில் தாய்மொழிச் சாயல் புகுந்துவிடுமோ என அஞ்சினர். மெய்யியலறிஞர் டேவிட் ஹியூம் விலக்கத்தக்க ஸ்காட்டியச் சொற்களுக்கு ஒரு பட்டியலே தொகுத்தார். இப் பின்னணியை மனத்திற் கொண்டு பூனையிடம் வருவோம்.

பாட்ரன்ஸ் என்னும் பெயரை நாம் காணும் பழைய இடங்களுள் தலையாயது இராபர்ட் ஹென்றிசன் பாடிய இரண்டு எலிகளின் கதை. ஹென்றிசன் டன்பர்ம்லின் நகரிற் பள்ளி ஆசிரியராய் இருந்தவர்; பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவர். 1508-இல் அச்சான வில்லியம் டன்பரின் கவிஞர் இரங்கற்பா இவரை இறந்தாருள் வைத்துப் பாடுகின்றது. ஈசாப்பின் கதைகளை ஸ்காட்ஸ் மொழியில் விரித்துப் பாடி, ஒவ்வொன்றன் இறுதியிலும் நீதிப்பகுதி ஒன்றை இவர் அமைத்துள்ளார்.

கதை யாவரும் அறிந்ததே. நாட்டுப்புற எலி பட்டணத்து எலியின் விருந்தினளாகச் செல்கின்றாள். ஹென்றிசன் இருவரையும் உடன்பிறந்த தமக்கை தங்கையராக ஆக்கியிருக்கின்றார். பட்டணத்தாளை நகர வணிகர் குழுவிற் சேர்ந்தவளாகவும், வரி கொடாது உலவும் உரிமை பெற்றவளாகவும் காட்டி நகைக்கின்றார். விருந்து நடக்கையில் முதலிற் பண்டகசாலைக்காரன் வந்து அச்சுறுத்துகின்றான். அவன் போனபின் பூனை வருகின்றது. வந்த பூனையை ஆசிரியர் வெறும் பூனை என விடவில்லை. 'வேட்டைக்காரக் கிப்' என்று பெயர் சொல்லி, 'நம்முடைய' என்னும் உரிமைச் சொல்லும் சேர்த்து, வந்தவுடன் வாழ்த்துக் கூறும் பண்பாளனாக அதனை அறிமுகம் செய்கின்றார். பட்டணத்தாள் தன் வளைக்குள் தீப்பொறிபோல் மறைந்துவிட, நாட்டுப்புறத்தாளை முதுகிற் பற்றுகின்ற இடத்தில் அப் பூனையின் பெயர் பாட்ரன்ஸ் என மாறுகின்றது. காலுக்குக் கால் எறிந்தும், வைக்கோலுக்கு அடியில் ஓடவிட்டும், கண்ணை மூடி ஒளிந்து விளையாடியும் பூனை அவளை வருத்துகின்றது. நல்லூழால் அவள் தப்பிச் சுவரையொட்டி ஏறி நகத்தாற் பற்றித் தொங்குகையில், அவளை எட்ட இயலாத பூனைக்குக் கில்பர்ட் என்பது பெயர்.

ஒரே பூனைக்கு ஒரே கதையில் மூன்று பெயர்கள். இஃது எதுகை மோனை நிரப்புதற்கு மட்டும் வந்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. கிப் என்பது கில்பர்ட் என்னும் மாந்தர் பெயரின் குறுக்கம். ஆண் பூனைக்கு அப் பெயரை வழங்குதல் இங்கிலாந்திலும் இருந்தது; பிரெஞ்சு மொழியின் ரோசாப்பூக் காதையில் வரும் திபெர் என்னும் பூனையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் 'நம் பூனை கிப்' எனப் பெயர்த்தார். சேக்சுபியரின் நாடகங்களிலும் 'கிப்' பூனையைக் குறித்து வருகின்றது. ஆகவே, கிப், கில்பர்ட் என்பன எல்லையின் இருபுறத்தார்க்கும் பொதுவானவை. பாட்ரன்ஸ் ஒன்றே ஸ்காட்லாந்துக்கு உரியது. விருந்தினன்போல் நுழைகையிற் பொதுப்பெயர் தாங்கிய பூனை, பல்லும் நகமும் காட்டுகையில் உள்ளூர்ப் பெயர் பெறுகின்றது. புலவர் இதனை எண்ணிச் செய்தாரா என்பதை உறுதியாகக் கூறுதல் இயலாது. கதையைக் கேட்ட டன்பர்ம்லின் மக்கட்கு, தம் வீட்டுப் பூனையே எலியைப் பற்றியதுபோலத் தோன்றியிருக்கும் என்பதை மட்டும் துணிந்து கூறலாம்.

இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. கதை முடிந்து நீதிப்பகுதி தொடங்கியதும் இம் மூன்று பெயர்களும் மறைகின்றன. பெருவிருந்தும் செல்வமும் இருந்தென், பூனை வந்து எலிமேற் கண் வைக்கின்றதே என அறம் கூறும் இடத்தில் வருவது 'பூனை' என்னும் பொதுச்சொல்லே. செல்லப்பெயர் கதைக்கு உரியது. பொதுப்பெயர் அறத்திற்கு உரியது. ஆயினும், கதையும் அறமும் ஒரே மொழியில், ஒரே ஆசிரியரின் குரலில் அமைந்துள்ளன. இதனை நெஞ்சில் இருத்திக்கொள்ளுமாறு ஆராய்ச்சி மாணவரை வேண்டுகின்றோம். பின்னர் இதற்கு மீண்டும் வருவோம்.

பாட வரலாறு குறித்தும் ஓர் எச்சரிக்கை தேவை. ஹென்றிசன் தம் கையால் எழுதிய படி எதுவும் நமக்குக் கிடைத்திலது. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த அஸ்லோன் கையெழுத்துப் படியில் இவ் எலிக்கதை உள்ளது. 1568-இல் தொகுக்கப்பட்ட பேனடைன் கையெழுத்துப் படியில் கதைகள் பல உள. முழுத் தொகுதியாக நமக்குக் கிடைக்கும் அச்சுப் படிகள் 1570, 1571-ஆம் ஆண்டுகட்கு உரியன. ஆசிரியர் மறைந்து இரண்டு தலைமுறை கழிந்தபின் வந்தவை இவை. எழுத்துக்கூட்டல் படிக்குப் படி வேறுபடும். ஆதலின் 'பாட்ரன்ஸ்' என்பதன் எழுத்து வடிவத்தைக் கொண்டு பதினைந்தாம் நூற்றாண்டு ஒலிப்பை முடிவு கட்டுதல் தகாது.

இனிச் சொற்பிறப்பு. பழைய வடிவத்தின் இறுதியில் நிற்கும் விகுதி, அக் கால ஸ்காட்ஸ் மொழியிற் பன்மைக்கும் ஆறாம் வேற்றுமைக்கும் உரிய விகுதியை ஒத்திருக்கின்றது. ஆனால், பெயரோ ஒருமை வினை கொண்டு முடிகின்றது. பன்மையும் அன்று, உடைமையும் அன்று. கெய்லிக் மொழியில் விளையாட்டுத்தனம் மிக்க பெண்ணைக் குறிக்கும் சொல் ஒன்றனோடு இதனை இணைத்துப் பார்த்தவர் உளர். முயலுக்கு வழங்கும் 'பாட்' என்னும் வட்டார வழக்கினைத் துணைக்கு அழைத்தவரும் உளர். ஒலி ஓரளவு ஒக்கின்றது. பொருளும் முற்றும் பொருந்தாது எனக் கூற முடியாது. ஆயினும், இடைப்பட்ட வடிவங்கள் எவையும் காட்டப்படவில்லை.

ஒலியொப்புமை ஒன்றனையே நம்புதல் எத்துணை இடர் தரும் என்பதற்கு எடுத்துக்காட்டு வேறெங்கும் தேட வேண்டுவதில்லை. ஸ்காட்லாந்தில் நாய்க்கு வழங்கிய மரபுப் பெயரைத் தமிழில் எழுதினால் 'பாட்டி' என்று ஆகும். தொல்காப்பிய மரபியலோ பெண் நாயையும் பெண் பன்றியையும் பாட்டி என வழங்கும் என்கின்றது. இவ்விரண்டனையும் அருகருகே வைத்து, வடகடலுக்கும் தென்கடலுக்கும் பாலம் கட்டுவார் நாளை யாரேனும் தோன்றினும் வியப்பில்லை. அவ்வாறு ஒருவர் கட்டும் முன்பே, இது தற்செயல் ஒப்புமை என்பதைப் பதிந்து வைக்கின்றோம். நமக்கு நெருங்கிய இடத்தில் எளிதிற் புலப்படும் இப் பிழையே கெய்லிக் சொல்லை நாடுவாரிடத்தும் நேரக்கூடும். பாட்ரன்ஸ் இன்றைய அறிவளவில் நமக்கு இடுகுறிப் பெயரே.

நாய்ப் பெயரைக் குறித்தோம்; அதன் வரலாறு பூனைப் பெயரின் வரலாற்றை விளக்கும். சர் டேவிட் லிண்சே ஐந்தாம் ஜேம்ஸ் மன்னனைக் குழந்தைப் பருவத்திலிருந்தே பேணிய அரண்மனை அலுவலர், புலவர். 1530-ஆம் ஆண்டில் அரசனின் கிளி இறக்கும் தறுவாயிற் கூறும் அறிவுரையாக ஒரு நூல் செய்த இவர், அடுத்த சில ஆண்டுகளுள் அரசனின் கிழநாய் பேசுவதாக ஒரு பாட்டுப் பாடினார். பேசும் நாயின் பெயர் பாக்ஷ். அது தன் குற்றங்களை ஒப்புக்கொண்டு விடுக்கும் முறையீடு, இப்பொழுது அரசனின் அன்புக்குரிய நாயாகிய 'பாட்டி'க்கு அனுப்பப்படுகின்றது. அரசனருளை நம்பிப் பிறரைக் கடித்துத் திரிந்தேன். அருள் நீங்கியதும் விரட்டப்பட்டேன். நீயும் அவ்வாறு ஆகாதே என்பது அதன் கருத்து. நாயின் வாயால் அரசவையோருக்குக் கூறியது என்பது வெளிப்படை. ஈண்டு 'பாட்டி' அரசனின் படுக்கையறைக்கு அருகில் வாழும் நாய். அதன் பெயரால் ஓர் அரசியல் நூல் விடுக்கப்பட்டது.

இரு நூற்றாண்டு கழித்து, 1725-இல் அலன் இராம்சே வெளியிட்ட 'பண்புடை ஆயன்' என்னும் முல்லை நாடகத்தில் அதே பெயர் வருகின்றது. ரோஜர் என்னும் ஆயன், தான் காதலிக்கும் ஜென்னி தன்னை வெறுக்கின்றாள் என்று தோழனிடம் சொல்லி வருந்துகின்றான். அவன் காட்டும் சான்று யாது? வாலைக் குழைத்து அவளிடம் சென்ற தன் நாய் 'பாட்டி'யை அவள் அடித்துவிட்டாள்; தன்மேல் எள்ளளவு அன்பிருந்தால் தன் நாய்மேல் இரக்கம் காட்டியிருப்பாள் அன்றோ என்பது அவன் வாதம். நுண்ணிய இடம் இது. காதலின் நிலையை நாயைக் கொண்டு அளக்கும் ஆயனின் வெகுளித்தனம் நகைப்பையும் இரக்கத்தையும் ஒருங்கே தருகின்றது. ஆனால், பெயர் இறங்கி வந்த தொலைவைப் பாருங்கள்: அரசனின் நாய்க்கு இருந்த பெயர் ஆயனின் நாய்க்கு ஆயிற்று. நாயோடு விளையாடினாற் கடிபடுவாய் என்னும் கருத்துடைய பழமொழியிலும் 'பாட்டி' என்பதே நாய்க்குப் பெயராய் நின்று, அகன்ற மக்கள் வழக்காகிவிட்டது.

பசுப் பெயர்கள் வேறு வகையின. 'கிரம்மி' என்பது வளைந்த கொம்புடையாள் என்னும் பொருளது; செருமன் மொழியில் வளைவைக் குறிக்கும் 'கிரும்' என்பதும் இதற்கு இனமான சொல்லே. முற்றும் காரணப்பெயர். வளைந்த கைப்பிடியுடைய ஊன்றுகோலுக்கும் 'கிரம்மக்' என ஸ்காட்ஸ் மொழியில் ஒரு பெயர் உண்டு. பர்ன்ஸின் 'டாம் ஓ ஷாண்டர்' பாட்டில் கிழச் சூனியக்காரிகள் துள்ளுவது இக் கோலின்மேல்தான். 'ஹாக்கி' என்பது முகத்தில் வெள்ளைக் குறியுடைய பசு. நாம் அறிந்த பந்தாட்டத்தோடு இதற்கு உறவில்லை.

கிரம்மிக்கு உலகப் புகழ் வர வேண்டியிருந்தது, வரவில்லை. 'உன் பழைய மேலங்கியைப் போர்த்துக்கொள்' என்னும் பொருளில் தலைப்புடைய பழம்பாடல் ஒன்று உண்டு. கடுங்குளிர் நாளில் மனைவி கணவனை எழுப்பி, பழைய அங்கியைப் போர்த்துக்கொண்டு போய்க் கிரம்மியின் உயிரைக் காப்பாற்று என்கின்றாள். அவனோ பழைய அங்கி நைந்துவிட்டது, இனிப் புதியது வாங்கிப் பெருமிதமாகத் திரிவேன் என்கின்றான். குழந்தைகளின் வாயை நனைத்த பசு அது என்பது ஒரு புறம். நாடு முழுதும் பெருமிதத்தால் கெடுகின்றது, பழங்காலத்து அரசனே மலிந்த காற்சட்டை அணிந்தான் என்னும் அறிவுரை மற்றொரு புறம். அவ் அரசனைப் பற்றிய பகுதியை மட்டும் 'ஒத்தெல்லோ' நாடகத்தில் இயாகோ குடிமயக்கத்தினரிடையே பாடுகின்றான். அந் நாடகம் 1604-இல் அரசவையில் நடிக்கப்பெற்றது. ஆதலின் பாட்டு அதற்கு முற்பட்டது என்பதில் ஐயமில்லை. இயாகோ வாயில் அரசன் பெயர் ஸ்டீபன்; இராம்சே தம் 'தேநீர் மேசைத் தொகுதி'யிற் பதிப்பித்த ஸ்காட்ஸ் வடிவில் அவன் இராபர்ட். 1765-இல் பாதிரியார் பெர்சி தம் பழம்பாடல் தொகுதியில் ஆங்கில வடிவம் ஒன்றனை வெளியிட்டார். அதிற் பசுவின் பெயர் கிரம்பாக். அரசன் பெயர் நாட்டுக்கு நாடு முற்றும் மாறிவிட்டது. பசுவின் பெயரோ விகுதி மட்டுமே மாறி நிலைத்தது. பாட்டு முதலில் எந் நாட்டது என்னும் வழக்கினை இது தீர்க்காது. ஆயினும், பாட்டைப் பாடி வந்தோர் எதனை உயிர்நிலையாகக் கருதினர் என்பதைக் காட்டும். சேக்சுபியரோ பசுவை விட்டு அரசனை எடுத்துக்கொண்டார். அதனால் உலகம் காற்சட்டையை அறிந்தது, கிரம்மியை அறிந்திலது.

மீண்டும் பூனைக்கு வருவோம். 1773-இல் இராபர்ட் பெர்குசன் 'உழவனின் அடுப்பங்கரை' என்னும் பாட்டை வெளியிட்டார். எடின்பரோவில் எழுத்தராய் உழைத்து, அடுத்த ஆண்டில் இருபத்து நான்காம் அகவையில் மனநோயாளர் விடுதியில் இறந்தவர் அவர். ஸ்பென்சர் கையாண்ட ஒன்பதடிச் செய்யுளின் அமைப்பைத் தழுவி, முழுதும் ஸ்காட்ஸ் மொழியில் உழவர் வீட்டு மாலைப் பொழுதைப் பாடுகின்றார். உழைத்துக் களைத்த வீட்டுத்தலைவன் பழைய மரஇருக்கையிற் சாய்ந்து கிடக்கின்றான். பாட்ரன்ஸும் காவல்நாயும் அவனைச் சூழ வந்து வாலாட்டி நன்றியோடு நோக்க, அவன் பாற்கட்டியிலும் அப்பத்திலும் சிறிது பிய்த்து எறிகின்றான். இங்கே பாட்ரன்ஸ் எந்தப் பூனை? குறிப்பிட்ட ஒரு பூனை அன்று. எந்த உழவன் வீட்டிலும் இருக்கும் பூனை. ஆயினும், அப் பெயருக்கு முன் சார்படை எதுவும் வரவில்லை, இயற்பெயர்போலவே நிற்கின்றது. நாயைச் சுட்ட வந்ததோ சார்படை பெற்ற இனப்பெயர். ஓர் அடியில் இயற்பெயர் போன்ற பொதுப்பெயரும் உண்மைப் பொதுப்பெயரும் அருகருகே நிற்கின்றன.

இப் பெயர் இயற்பெயரா, இனப்பெயரா என்னும் வினாவுக்கு விடை புலவர்கள் தம் சொந்த விலங்குகட்கு இட்ட பெயர்களிற் கிடைக்கின்றது. பர்ன்ஸ் வளர்த்த நாயின் பெயர் லூயத். மாக்பர்சன் வெளியிட்ட ஆசியன் காப்பியத்தில் ஒரு வீரனின் நாய்க்கு அமைந்த பெயர் அது, புத்தகத்திலிருந்து எடுத்தது. அவர் ஏறிய குதிரையின் பெயர் ஜென்னி கெடிஸ். 1637-இல் எடின்பரோ தேவாலயத்தில் ஸ்காட்லாந்துத் திருச்சபைக்கென வகுத்த வழிபாட்டு நூலைப் படித்தபொழுது முக்காலியை வீசி எறிந்ததாகக் கூறப்படும் பெண்ணின் பெயர் அது; வரலாற்றிலிருந்து எடுத்தது. வால்ட்டர் ஸ்காட்டின் பூனைக்கு ஹின்ஸ் என்பது பெயர். கதேயின் நரிக்காப்பியத்திலும் (1794) டீக்கின் காலணிப் பூனை நாடகத்திலும் (1797) பூனைக்கு வழங்கும் செருமானியப் பெயர் அது. எனவே, தம் வீட்டு விலங்கைத் தனித்துச் சுட்ட வேண்டியபொழுது இவ்விருவரும் மரபுப் பெயரை நாடவில்லை. பாட்டில் வரும் பூனைக்கே பாட்ரன்ஸ் என்னும் பெயர். நரிக்கு இயற்பெயராக இருந்த ரெனார் பிரெஞ்சு மொழியில் பழைய பொதுச்சொல்லையே வீழ்த்தி நரிக்குப் பொதுப்பெயராயிற்று. பாட்ரன்ஸ் அவ்வளவு தூரம் செல்லவில்லை. இயற்பெயரின் தோற்றத்தோடு இனத்தைச் சுட்டும் இடைநிலையிலேயே நின்றது. செல்லமும் அங்கேதான் இருக்கின்றது. எந்தப் பூனையையும் நமக்கு அறிமுகமான பூனையாக்கிவிடுகின்றது இப் பெயர்.

பர்ன்ஸ் இதனை 1792-இல் வெளிவந்த வில்லி வாஸ்லின் மனைவியைப் பற்றிய நகைப்பாட்டில் ஆள்கின்றார். அடுப்பருகே அமர்ந்த கிழப் பாட்ரன்ஸ் தன் பாதத்தால் முகத்தைத் துடைத்துக்கொள்கின்றது. வில்லியின் மனைவிக்கு அவ்வளவு தூய்மையும் இல்லை என்பது கருத்து. ஹென்றிசனிடம் ஆணாக இருந்த பாட்ரன்ஸ் இங்குப் பெண். வேட்டையாடுதல் போய் முகம் கழுவுதல் வந்துள்ளது.

ஈண்டு ஒரு தடையை எழுப்பிக்கொள்ளுதல் கடன். அரசவையிலிருந்து அடுப்பங்கரைக்கு இறங்கிய வரலாறு எனத் தொடக்கத்திற் கூறினோம். நாய்ப் பெயர்க்கு அது பொருந்தும். ஆனால், பாட்ரன்ஸ் ஹென்றிசன் காலத்திலும் வீட்டுப் பூனைதானே? அன்றும் அதற்குப் பண்டகசாலையும் வைக்கோலும் எலியும் தவிர வேறு உலகம் இல்லையே? ஆம். எம் கூற்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். பூனை இடம் மாறவில்லை. பூனையைச் சூழ்ந்திருந்த மொழியே இடம் மாறிற்று. பாட்ரன்ஸ் எலியைப் பற்றியதைப் பாடிய அதே ஸ்காட்ஸ் மொழியில், மூச்சு விடும் பொழுதில், ஹென்றிசன் மன்னனுக்கும் மாந்தர்க்கும் அறம் கூறினார். பெர்குசனைப் பின்பற்றிப் பர்ன்ஸ் 1786-இல் வெளியிட்ட 'குடியானவனின் சனிக்கிழமை இரவு' என்னும் பாட்டைப் பாருங்கள். கஞ்சியும் பாலும் பாற்கட்டியும் பரிமாறப்படுகின்றன. தடுப்புச் சுவருக்கு அப்பால் அக் குடும்பத்தின் ஒரே பசு ஹாக்கி அசைபோடுகின்றது. இப் பகுதி ஸ்காட்ஸ். உணவு முடிந்து மறைநூல் திறக்கப்படுகின்றது. அங்கிருந்து நாட்டிற்கு வாழ்த்துக் கூறும் இறுதிவரை மொழி பெரும்பாலும் ஆங்கிலமாகிவிடுகின்றது. ஹாக்கி நிற்கும் தொழுவம் வரை தாய்மொழி. வேள்விமேடைக்கு அண்டை மொழி. இதனைப் பர்ன்ஸின் குறையாகச் சிலர் கூறுவர். யாம் அவ்வாறு கருதவில்லை. மறைநூல் அவர்க்குக் கிடைத்த மொழி ஆங்கிலமே. நீதி கூறும் உரைநடை அவர் காலத்தில் ஸ்காட்ஸ் மொழியில் வழங்கவில்லை. ஒரு புலவன் தனியே நின்று அதனை மீட்டுவிட முடியாது. ஹென்றிசன் 'பாட்ரன்ஸ்' என்பதிலிருந்து 'பூனை'க்குச் சென்றபொழுது நடையை மட்டும் மாற்றினார். பர்ன்ஸ் ஹாக்கியிடமிருந்து மறைநூலுக்குச் சென்றபொழுது மொழியையே மாற்ற வேண்டியதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாட்ரன்ஸ் குழந்தைகளிடம் அடைக்கலம் புகுந்தது. இராபர்ட் சேம்பர்ஸ் 1826-இல் முதலில் வெளியிட்டுப் பின்னர் விரித்த ஸ்காட்லாந்து மக்கட் பாடல் தொகுதியில், இலண்டனுக்குப் போய் அரசியைப் பார்த்து வந்த பூனையின் பாட்டு உள்ளது. அப் பாட்டின் ஆங்கில வடிவத்தை இன்று நம் நாட்டுப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆங்கிலப் பூனை அரசியின் நாற்காலிக்கு அடியில் இருந்த எலியை அச்சுறுத்துவதோடு நின்றுவிடுகின்றது. ஸ்காட்லாந்துப் பாட்ரன்ஸோ படிக்கட்டில் ஓடிய கொழுத்த எலியைப் பிடித்து, மாவுப் பையிலிட்டு, அப்பத்தோடு தொட்டுக்கொள்ள வைத்திருக்கின்றது. அரசியைக் காணச் சென்ற பயணத்திலும் அடுத்த வேளை உணவை மறவாத நாட்டுப் பூனை! எவ் வடிவம் முந்தியது என்று வாதிடுதல் பயனில்லை. இரண்டாவதில் ஹென்றிசனின் வேட்டைக்காரன் இன்னும் உயிரோடிருக்கின்றான் என்பதே கருதத்தக்கது.

அதே தொகுதியில் செங்கழுத்துக் குருவி அரசனிடம் பாடச் சென்ற கதையும் உள்ளது. பர்ன்ஸின் இளைய தங்கை இசபெல்லா பெக் தம் தமையன் சொல்லக் கேட்டதாக நினைவிலிருந்து கூறியது இது. அவர் தாமே புனைந்த கதை என்பது அவ் அம்மையார் கருத்து. நீரோரம் செல்லும் சாம்பல்நிறக் கிழப் பாட்ரன்ஸ், குருவியை அருகே அழைத்துத் தன் கழுத்தைச் சுற்றிய வெள்ளை வளையத்தைக் காட்டுவதாக ஆசை மொழி கூறுகின்றது. குருவி மறுக்கின்றது, சிற்றெலியைக் கொன்றாய், என்னைக் கொல்ல மாட்டாய் என்று பறந்துவிடுகின்றது. ஏமாற்றும் பாட்ரன்ஸையும், ஏமாறாது அரசவை சென்று பரிசாக மணமகளைப் பெறும் குருவியையும் கொண்ட இக் கதையில் தனியே ஒரு நீதிப்பகுதி இல்லை. எனினும், நீதி குருவியின் வாயிலேயே ஸ்காட்ஸ் மொழியில் வந்துவிடுகின்றது. அச்சேறிய செய்யுளில் ஆங்கிலத்திற்கு விட்டுக்கொடுத்ததைப் பர்ன்ஸ் வீட்டிற் குழந்தைகட்குச் சொன்ன கதையில் விட்டுக்கொடுக்கவில்லை போலும்.

அகராதிகளைப் பற்றி ஒரு சொல். 1808-இல் ஜான் ஜேமிசன் ஸ்காட்ஸ் மொழிக்குச் சொற்பிறப்பு அகராதி வெளியிட்டார். இருபதாம் நூற்றாண்டில் வில்லியம் கிரெய்கி முதலியோரின் முயற்சியால் பேரகராதிகள் இரண்டு எழுந்தன. 1700-ஆம் ஆண்டை ஒட்டிய எல்லை ஒன்றை வகுத்து, அதற்கு முற்பட்ட மொழிக்கு ஒன்றும் பிற்பட்ட மொழிக்கு ஒன்றுமாக அவை அமைந்தன. பிந்தியது டேவிட் மியூரிசன் பதிப்பில் பத்துத் தொகுதிகளாக 1976-இலும், முந்தியது பன்னிரண்டு தொகுதிகளாக 2002-இலும் நிறைவெய்தின. ஆராய்ச்சி வசதிக்கென வகுத்த இவ் எல்லை பாட்ரன்ஸை இரண்டாக வெட்டிற்று: ஹென்றிசனின் பூனை ஒரு நூலில், பெர்குசன், பர்ன்ஸ் ஆகியோரின் பூனை மற்றொரு நூலில். 2004-இல் இரண்டும் மின்வடிவில் ஒருங்கே தேடத்தக்கனவாக வெளியிடப்பட்ட பின்னரே, அப் பூனையின் தலையும் வாலும் மீண்டும் ஓரிடத்திற் சேர்ந்தன.